கதை வழியே எழுத்து

திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள் இருக்கின்றன. அவ்விடத்திற்குப் பிளவக்கல் என்று பெயர். இப்பெயரை முதன்முதலில் கேட்கும் சிறு பிள்ளை, "கல்லைப் பிளந்தது யார்?" என்று கேட்காமல் இராது. வீட்டில் ஒரு பாட்டி இருந்தால் அதற்கு விடையாக ஓர் அரக்கனோ பேசும் பறவையோ வரும் கதை பிறந்துவிடும். கதை முடிந்த சூட்டோடு அச்சொல்லை எழுதிக் காட்டினால், நடுவில் வரும் ளகரமும் இறுதியில் வரும் லகரமும் பிள்ளையின் மனத்தில் எளிதில் பதியும். கதையைக் கொண்டு எழுத்தறிவிக்கும் இந்த முறைக்குத் தமிழில் ஒரு வரலாறு உண்டு.

நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆத்திசூடியும் மனப்பாடம் செய்தனர். நினைவாற்றலுக்கு அது நல்ல பயிற்சியே. ஆயினும் பொருள் விளங்காமல் ஓதிய பிள்ளைகளும் பலர். இரவில் வீட்டில் கேட்ட கதை வேறு, பகலில் பள்ளியில் எழுதிய எழுத்து வேறு என்று இரண்டும் பிரிந்தே கிடந்தன.

இவ்விரண்டையும் முதலில் இணைக்க முயன்றவர்களுள் ஒருவர், இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680-1747). பேச்சுத் தமிழ் பயில்வோருக்கு உதவும் பொருட்டே அவர் பரமார்த்த குருவின் கதையை எழுதினார். ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்த சீடர்களையும், தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணிய பேதைமையையும் படித்துச் சிரிப்பவர், அச்சொற்களை மறப்பது அரிது. அந்நூல் 1822-இல் இலண்டனில் அச்சாயிற்று.

சென்னையில் கும்பெனி அதிகாரிகளுக்கு நாட்டுமொழிகள் கற்பிக்க 1812-இல் ஒரு கல்லூரி ஏற்பட்டது. அங்குத் தமிழாசிரியராயிருந்த தாண்டவராய முதலியார், மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தார். அது 1826-இல் வெளிவந்தது. கதாமஞ்சரி என்னும் கதைத் தொகுப்பும் அவருடையதே. வளர்ந்த அயல்நாட்டாருக்குத் தமிழ் கற்பிக்கவே கதை வேண்டியிருந்தது என்றால், நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அது எவ்வளவு வேண்டும்!

வீட்டுக்கே கதையைக் கொண்டுசேர்த்த பெருமை சிறுவர் இதழ்களுக்கு உரியது. 1947 சூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமாவின் படங்களைப் பார்த்து, பிறர் படிக்கக் கேட்டு, பின்பு தாமே எழுத்துக்கூட்டிப் படித்தோர் பலர். வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் வழங்கும் இராசபாளையம் போன்ற ஊர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஒரு மொழியில் கேட்ட கதையை மற்றொரு மொழியில் படிக்கும் பிள்ளைக்கு, பொருள் முன்பே தெரியும். எழுத்தை மட்டும் கண்டுகொண்டால் போதும். வீட்டில் தெலுங்கு பேசிய கி. ராஜநாராயணன்தான் கரிசல் நாட்டின் நாட்டுப்புறக் கதைகளைத் தமிழில் தொகுத்துக் காத்தார்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் முறையாகத் தொடங்கியது 2021 நவம்பர் முதல் நாளில்தான். அந்த இடைவெளியில் பல சிறார்க்கு வீடே பள்ளியாயிற்று. கற்றதையும் மறந்த பிள்ளைகள் வகுப்பில் வாய் திறக்க நாணினர். அக்குறையை நீக்க அவ்வாண்டில் தோன்றிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர் மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டிக் கதையும் பாட்டும் விளையாட்டுமாகக் கற்பித்தனர்.

இதை வீட்டில் செய்யப் பொருட்செலவு இல்லை. முதலில் கதையைச் சொல்லுங்கள். பிறகு பிள்ளை தன் சொற்களில் அதைத் திரும்பச் சொல்லட்டும். அதில் ஒரு வரியை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படிக்கச் செய்யுங்கள். மறுநாள் கதையின் முடிவைப் பிள்ளையே மாற்றி எழுதலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். மனப்பாடமான வரியைக் கடகடவென்று ஒப்பிப்பது படிப்பு ஆகாது. நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தனியே எடுத்துக் காட்டிக் கேட்டால்தான் உண்மை விளங்கும். தடுமாறினால், அச்சொல்லின் எழுத்துகளைப் பிரித்து ஒலித்துக் கூட்டக் கற்பிக்க வேண்டும். உயிரும் மெய்யும் சேரும் முறையைக் கற்பிப்பதைக் கதையால் தவிர்க்க இயலாது. அதைக் கற்கும் ஆவலைத்தான் கதை தருகிறது.

மாணவர்களே, உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ எழுத்துக்கூட்டத் திணறினால், இன்றிரவே பாட்டியிடம் ஒரு கதை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சிறு பிள்ளைக்கு அதுவே முதற்பாடமாகட்டும். எழுதாமல் விட்டால், பாட்டியோடு அந்தக் கதையும் போய்விடும்.