கயிறு இல்லாத காற்றாடி

காற்றாடி விடும் பிள்ளைக்குக் கையில் ஒரு கயிறு உண்டு. மேலே காற்று என்ன செய்கிறது என்பதை அது விரலுக்குச் சொல்லிவிடும். அந்தக் கயிறும் வேண்டாம், ஆனால் காற்றாடி மட்டும் சொன்னபடி கேட்க வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாகாணத்துக் கலமசூ நகரில், வால்ட்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டையர் இருந்தார்கள். ஒருவருக்குச் சிறு விமானம் கட்டுவதில் பைத்தியம், மற்றவருக்கு ரேடியோவில். ஒரே வீட்டில் இந்த இரண்டு பைத்தியங்களும் கூடியது விஞ்ஞானத்தின் அதிர்ஷ்டம் என்பேன். 1937-ல் அவர்களுடைய எட்டடி இறக்கை கொண்ட 'கஃப்' ரேடியோவின் ஆணைக்கு அடங்கிப் பறந்தது. டிரான்சிஸ்டர் பிறக்க இன்னும் பத்து வருஷம் இருந்தது. வால்வையும் பாட்டரியையும் வயிற்றில் சுமந்துகொண்டுதான் அது எழும்ப வேண்டியிருந்தது.

அக்காலத்துப் பொறிகளின் யுக்தி வேடிக்கையானது. முறுக்கிய ரப்பர் நாடாதான் சுக்கானைத் திருப்பும் பலம். தரையிலிருந்து பொத்தானை அழுத்தினால் தாழ்ப்பாள் விலகி, சுக்கான் வலப்புறம் போகும். விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அழுத்தினால் இடப்புறம். ஆகவே கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். மறந்தால், மாதக்கணக்கில் இழைத்து ஒட்டிய பால்ஸா மரம் சில விநாடிகளில் சுள்ளியாகிவிடும்!

பொறிகள் பிற்பாடு எவ்வளவோ தேறிவிட்டன. ஆனால் புதிதாகக் கற்பவரை இன்றும் கலங்கவைப்பது வேறொன்று. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது அதன் வலது நம் வலது. நம்மை நோக்கித் திரும்பியதும் எல்லாம் தலைகீழ். புத்திக்குத் தெரிந்தாலும் விரல் கேட்பதில்லை. இதற்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் வழி சுலபமானது: எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே கோலைத் தள்ளு, அது நிமிர்ந்துவிடும். ஆசிரியர் கையிலும் ஒரு பெட்டி இருந்து, ஆபத்து வேளையில் அவர் விமானத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. குட் சகோதரர்களுக்கு அந்தப் பாக்கியம் ஏது?

அப்படியிருந்தும் 'கஃப்' 1939, 1940 இரண்டு ஆண்டும் அமெரிக்க தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றது. யுத்தம் முடிந்தபின், 1947-ல் இன்னொரு தரமும் ஜெயித்தது. 1960-ல் சகோதரர்கள் அதை ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள்.