செத்தவருக்கு 15, இருப்பவருக்கு 99

'இடமில்லை' என்பது இயற்கையைப் பற்றிய தகவல் மாதிரிதான் ஒலிக்கும். சிங்கப்பூரில் அது ஓர் அதிகாரச் சொல்லாடல். 1966இல் நிலக் கையகப்படுத்தல் சட்டம். பின்வந்த திருத்தம் இழப்பீட்டை 1973 நவம்பர் விலைக்கு மேல் போகாமல் கட்டிப்போட்டது. அப்புறம் தேதியைத்தான் மாற்றினார்கள். சந்தை விலை 2007இல்தான் திரும்பியது. 1971 திட்டம் நடுவிலிருந்த நீர்ப்பிடிப்பைச் சுற்றி வளையமாகப் புதுநகரங்களை வரைந்தது. கம்பத்து வீடுகள் போயின. குழாய்த் தண்ணீரும் கக்கூசும் உள்ள அடுக்குமாடி வந்தது. அதை இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஆனால் வீடு 99 வருடக் குத்தகை. 1998இலிருந்து புதைகுழிக்கு 15 வருடம்.

பிடாடரியில் கிறித்தவர், முஸ்லிம், இந்து எல்லோரும் கிடந்தார்கள். 2001–2006இல் தோண்டியெடுத்தார்கள், இன்று அங்கே குடியிருப்பு. 2011இல் புக்கிட் பிரவுன் சீன மயானத்துக்குள் சாலை என்று அறிவித்தபோது, தன்னார்வலர்கள் கல்லறைகளைப் பதிவு செய்தார்கள். சாலை நிற்கவில்லை. அப்போதும் கோல்ஃபுக்கு இடமிருந்தது.

ஆக, பற்றாக்குறை என்பது ஒரு வரிசை: யார் முதலில் எழுந்து போகணும் என்கிற வரிசை. நீண்டகாலத் திட்டம் எதிர்காலத்தைக் கணக்கெடுக்கிறது, சரி. அந்த வரிசையை எழுதுவது யார் என்று கேட்க அதில் இடமிருக்கா?