மலையில் பாடிய பெட்டி சேலத்தில் திக்கிய கதை

சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின் அகப்பட்டது. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், பச்சை பூத்த ஒயர்கள். "என்ன தாத்தா இது, பாம் மாதிரி இருக்கு?" என்றான் பேரன். ஒரு வகையில் பாம்தான். ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு நல்ல நட்பு இதனால் சிதறிப் போயிற்று.

இதற்குப் பெயர் ஃபஸ் பெட்டி. எலெக்ட்ரிக் கிடாருக்கும் ஆம்பிளிஃபையருக்கும் நடுவில் வைப்பார்கள். காலால் அமுக்கினால் கிடாரின் தெளிவான நாதம் கரகரத்து, நாகஸ்வரம் போல நீண்டு ஒலிக்கும்.

இந்தச் சத்தம் பிறந்ததே ஒரு பழுதில்தான். 1960-இன் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார்கள். கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிடார், ஒலிப்பதிவு மேஜையில் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போன ஒரு வழியாகப் போய்க் கரகரவென்று விழுந்தது. அழிக்காமல் அப்படியே விட்டார்கள். 1961-இல் பாட்டு பெரிய வெற்றி. பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே டிரான்சிஸ்டர் வைத்து வேண்டுமென்றே செய்து காட்ட, கிப்சன் கம்பெனி 1962-இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அதை வாசித்ததும் உலகமெங்கும் கிராக்கி. 1966-இல் லண்டனில் 'ஃபஸ் ஃபேஸ்' வந்தது. ஜிம்மி ஹென்ட்ரிக்ஸ் காலடியில் கிடந்த வட்டப் பெட்டி அதுதான்.

நம் ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்க வழியில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். ரேடியோவுக்கே போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டினோம், உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962 முதலே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் செய்து வந்தது. நம் டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டிய ஏசி 128, சீமையில் பல ஃபஸ் பெட்டிகளிலும் இருந்த அதே நம்பர். ஆக, செத்துப்போன ரேடியோ ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஏற்காடு கடைவீதியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் நான் கையாளாக இருந்தேன். நண்பன் ஆங்கிலோ இந்தியப் பையன். அவன் அப்பா எஸ்டேட்டில் கணக்கர். சர்ச்சில் கிடார் வாசிப்பான், ராத்திரி ரேடியோ சிலோன் கேட்பான். 1970, 71-இல் நடந்த சிம்லா பீட் போட்டியின் இசைத்தட்டுகளைக் கேட்டதிலிருந்து அவனுக்கு ஃபஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. உறவினர் ஒருவர் மெட்ராஸிலிருந்து சர்க்யூட்டைக் கையால் வரைந்து அனுப்பினார். அந்த டிசம்பரில் உட்கார்ந்தோம்.

ஜெர்மானியம் சூடு தாங்காது. அதனால் டிரான்சிஸ்டர் காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டுதான் சால்டரிங் வைக்க வேண்டும். எல்லாம் முடித்து ஸ்விட்ச் போட்டால் மூச்சுப் பேச்சில்லை. முதல் தப்பு பேட்டரி. ஏசி 128 பி.என்.பி. வகை, பிளஸ் முனைதான் டப்பாவோடு சேர வேண்டும். பழக்கதோஷத்தில் மைனஸைச் சேர்த்திருந்தேன். அதை மாற்றியும் சத்தம் வரவில்லை. ஆம்பிளிஃபையர் ஒயரின் நுனியில் ஒரு கண்டென்சரைக் கட்டி, கிடாரைத் தட்டச் சொல்லிவிட்டு, சர்க்யூட்டில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனேன். இரண்டாவது டிரான்சிஸ்டர் வரை கரகரப்பு இருந்தது. வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகு இல்லை. அங்கே ஒரு டிரை சால்டர். ஈயம் மங்கலாக, உருண்டையாக ஒட்டாமல் உட்கார்ந்திருந்தது. மறுபடி சூடு காட்டியதும் பெட்டி அலறியது. நண்பன் என்னைத் தூக்கிச் சுற்றினான்.

மே மாதம் சேலத்தில் ஒரு விழாவில் வாசிக்க அழைப்பு. அவனுக்கு அதுதான் முதல் பெரிய மேடை. அனல் காற்று, மேலே ஃபோகஸ் விளக்குகள். இரண்டாவது பாட்டில் பெட்டியை அமுக்கினான். சத்தம் சுருங்கி, விட்டு விட்டு வந்து, ஒவ்வொரு சுரமும் பாதியில் செத்தது. கூட்டம் விசிலடித்தது. கீழே இறங்கியவன், "உன் சால்டரிங்தான் மேன், என் மானமே போச்சு" என்றான்.

மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவும் பேசாமல் ஏறினோம். சாயங்காலம் கடையில் திறந்து மீட்டர் வைத்தேன். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் ஒன்பது வோல்ட்டில் பாதி, நாலரை இருக்க வேண்டும். இருந்தது. கிடாரை மாட்டினால் அருமையாகப் பாடுகிறது! "ராத்திரியே நீ ஏதோ நோண்டிட்டே" என்றான் அவன். "நீதான் கீழே செல்லைச் சரியா மாட்டலை" என்றேன் நான். வார்த்தை தடித்தது. 1973-இல் அவன் குடும்பம் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனபோது, டின்னைக் கடை வாசலில் வைத்துவிட்டு என்னிடம் சொல்லாமலே போய்விட்டான்.

பிறகு தொலைபேசித் துறையில் சேர்ந்தேன். பயிற்சி வகுப்பில் ஒரு நாள் ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார்: ஜெர்மானியத்தில் சிக்னல் இல்லாதபோதும் கொஞ்சம் மின்சாரம் கசியும்; பத்து டிகிரி சூடு ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏற்காட்டுக் குளிரில் 15 டிகிரியில் சரியாக நின்ற பெட்டி, சேலத்து மேடையில் 35 டிகிரியில் நான்கு மடங்கு கசிந்திருக்கிறது. கிடாரின் அலை மேலும் கீழும் வெட்டுப்பட இடம் இருந்தால்தான் அந்த நாதம் வரும். கசிவு கூடியதும் நாலரை வோல்ட் இடம் மாறி, அலை ஒரு பக்கமே நசுங்கும், மெல்லிய சத்தம் அடைத்துக்கொள்ளும். ஃபஸ் பெட்டி செய்தவர்களே அறுபதுகளின் கடைசியில் சூடு தாங்கும் சிலிக்கானுக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். அது எங்களுக்கு யார் சொல்வார்?

என் சால்டரிங் கெடவில்லை, அவன் செல் மாட்டியதிலும் தப்பில்லை. பழுது சேலத்து வெயிலில் இருந்தது. நான் அதை ஏற்காட்டுக் குளிரில் தேடினேன். ஒரே ஒரு தடவை மேடைக்குப் பின்னால் மீட்டர் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முப்பது வருடம் வேலை பார்த்ததில், பழுது எங்கே வந்ததோ அங்கேயே போய்ப் பார் என்று இளையவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

விலாசம் தேடிப்பிடித்து, கணக்கெல்லாம் போட்டு அவனுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பெர்த்திலும் சேலம் மாதிரியே வெயில், பெட்டியை உன்னிடம் விட்டு வந்தது நல்லதாகப் போயிற்று என்று எழுதியிருந்தான். அதன் பிறகு வருடம் தவறாமல் அட்டை வந்தது, அவன் இருந்தவரை.

பேரன் கிடார் கற்கிறான். டின்னைத் துடைத்து வைத்திருக்கிறேன். இந்த டிசம்பரில் ஆறு பென்டார்ச் செல் வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும்.