15,000 டாலர் சான்றிதழ்: தள்ளுபடியின் சுமையை ஏற்பவர் யார்?

2014ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனம் தனது வைப்பர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் விலையை ஒரே அறிவிப்பில் 15,000 டாலர் குறைத்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் டாலரில் தொடங்கிய அதன் விலை, வரியும் போக்குவரத்துச் செலவும் நீங்கலாக 84,995 டாலராக இறங்கியது. விற்காத சரக்கின் விலையைக் குறைப்பது வணிகத்தில் புதிதன்று. அந்த அறிவிப்பில் கவனத்துக்குரியது அதன் இரண்டாவது பகுதிதான். 2013, 2014 மாதிரி வைப்பர்களை முன்பே முழு விலைக்கு வாங்கியிருந்தவர்களுக்கும் 15,000 டாலர் மதிப்புள்ள ஒரு சான்றிதழ் வழங்கப்படும் என்றது நிறுவனம். ஆனால் அது பணமாக மாறாது. இன்னொரு புதிய வைப்பர் வாங்கினால் மட்டுமே அதைக் கழித்துக்கொள்ளலாம்.

விற்று முடிந்த பொருளுக்காக விற்றவர் ஏன் மீண்டும் ஈடு பேச வேண்டும்? தள்ளுபடி என்பது புதிதாக வாங்குபவருக்கும் உற்பத்தியாளருக்கும் இடையிலான விவகாரம் என்றுதான் நாம் பொதுவாக எண்ணுகிறோம். அதில் மூன்றாவது ஒருவர் உண்டு: அதே பொருளை நேற்று வாங்கியவர். வைப்பர் சான்றிதழ் அந்த மூன்றாமவரின் இருப்பை எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம். அந்த ஒப்புதலுக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு உள்ளது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தின் 'ரிபேட்' பழைய பிரெஞ்சு மொழியில் 'அடித்து இறக்குதல்' என்னும் பொருள் கொண்ட வினையிலிருந்து வந்தது. தமிழில் நாம் தள்ளுபடி என்கிறோம், கழிவு என்றும் சொல்கிறோம். கழிவு என்பது கணக்கில் கழிக்கப்படுவதையும் குறிக்கும். பயனற்றதென ஒதுக்கப்படுவதையும் குறிக்கும். ஒரு பொருளுக்குக் கழிவு அறிவிக்கும்போது, அந்தப் பொருளின் மதிப்பிலும் ஏதோ ஒன்று கழிந்துவிடுகிறது என்ற ஐயம் சொல்லிலேயே தங்கியிருக்கிறது.

கார் தொழிலில் இத்தகைய கழிவின் புகழ்பெற்ற முதல் நிகழ்ச்சி 1914இல் நடந்தது. ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பொருத்துவரிசையை அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹென்றி ஃபோர்டு அறிமுகப்படுத்தியிருந்தார். எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு வண்டிக்குமான செலவு குறையும் என்பது அவருக்குக் கண்கூடான கணக்கு. ஆகவே அவர் ஒரு வாக்குறுதி அளித்தார். 1914 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்குள் 3,00,000க்கு மேல் மாடல் டி கார்கள் விற்றால், அந்த ஆண்டில் வாங்கிய ஒவ்வொருவருக்கும் பணத்தில் ஒரு பகுதி திருப்பித் தரப்படும். விற்பனை 3,08,000ஐத் தாண்டியது. ஒவ்வொருவருக்கும் 50 டாலருக்கான காசோலை சென்றது. மொத்தத் தொகை ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல்.

இந்தத் திட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். கழிவு விற்பனைக்குப் பின்னர் வந்தது. முதல் நாள் வாங்கியவருக்கும் கடைசி நாள் வாங்கியவருக்கும் ஒரே தொகை கிடைத்தது. முன்கூட்டி வாங்கியவர் ஏமாறவில்லை. மேலும், தன் அண்டை வீட்டாரையும் வாங்கத் தூண்டுவதில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் ஐம்பது டாலர் அக்கறை பிறந்தது. முந்தைய வாங்குநரும் பிந்தைய வாங்குநரும் ஒரே பக்கத்தில் நின்ற அரிய ஏற்பாடு அது.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த அமைப்பு தலைகீழானது. 1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து அமெரிக்காவில் கார் விற்பனை சரிந்தது. கிரைஸ்லர் நிறுவனத்திடம் விற்காத வண்டிகள் குவிந்து கிடந்தன. 1975 ஜனவரியில் அது திருவிழா ஒன்றை அறிவிப்பதுபோலத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. முன்னாள் பேஸ்பால் வீரரும் வர்ணனையாளருமான ஜோ கராஜியோலா திரையில் தோன்றி, குறிப்பிட்ட மாதிரிகளை வாங்கினால் 200 முதல் 400 டாலர் வரை திரும்பக் கிடைக்கும் என்றார். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விரைவிலேயே அதே வழியில் இறங்கின.

பட்டியல் விலையைக் குறைக்காமல் கழிவு தருவதில் உற்பத்தியாளருக்கு ஒரு வசதி உண்டு. பட்டியல் விலை தாளில் அப்படியே நிற்கும். கழிவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். விற்பனை முகவர் அதை விழுங்கிவிடும் வாய்ப்பும் குறைவு. அமெரிக்கப் பொருளியலாளர்கள் மூவர் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று, வாங்குநருக்கு நேரடியாக அறிவிக்கப்படும் கழிவில் 70 முதல் 90 விழுக்காடு அவரையே சென்றடைகிறது என்றும், முகவர்களுக்குத் தரப்படும் சலுகையில் 30 முதல் 40 விழுக்காடே வாங்குநருக்குக் கிடைக்கிறது என்றும் கணக்கிட்டது. பேரம் பேசும்போது யாருக்கு எது தெரியும் என்பதே வேறுபாட்டுக்குக் காரணம். விளம்பரத்தில் கண்ட தொகையை வாங்குநர் விடாமல் கேட்பார். காணாததை எப்படிக் கேட்பார்?

எனினும் 1975இன் கழிவு வாங்குநருக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. காத்திருந்தால் விலை இறங்கும் என்பதே அது. ஃபோர்டின் கழிவு முந்தி வந்தவரையும் காத்தது. கிரைஸ்லரின் கழிவு பிந்தி வந்தவருக்குப் பரிசளித்தது. நம் ஊர் ஷோரூம்களில் ஆண்டிறுதித் தள்ளுபடிக்காக டிசம்பர் வரை பொறுத்திருப்பவர்களும் இதே பாடத்தைப் படித்தவர்கள்தாம்.

இந்தப் பாடத்தின் தருக்கத்தை ரொனால்டு கோஸ் 1972இலேயே ஒரு சிறு கட்டுரையில் விளக்கியிருந்தார். நீடித்து உழைக்கும் பொருளை ஒரே ஒருவர்தான் விற்கிறார் என்று கொள்வோம். போட்டியே இல்லை என்றாலும் அவருக்கு ஒரு போட்டியாளர் இருக்கிறார். அவர் நாளைய அவரேதான். இன்று அதிக விலை தரக்கூடியவர்களுக்கு விற்று முடித்ததும், மீதமுள்ளவர்களை ஈர்க்க நாளை அவர் விலையைக் குறைத்தாக வேண்டும். இதை வாங்குநர்கள் முன்கூட்டியே ஊகித்தால் இன்று யாரும் அதிக விலை தர மாட்டார்கள். இதிலிருந்து தப்ப, விலையைக் குறைக்கமாட்டேன் என்று நம்பத்தக்க முறையில் அவர் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும். குறைத்தால் முன்பு வாங்கியவருக்கும் வித்தியாசத்தைத் திருப்பித் தருவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தருவது அதற்கான ஒரு வழி.

என் கணிப்பில், இந்தச் சிக்கல் வேறெந்த வாகனத்தையும்விட ஸ்போர்ட்ஸ் காரைக் கடுமையாகப் பாதிக்கிறது. வேலைக்குச் செல்லக் கார் தேவைப்படுபவர் ஓராண்டு காத்திருக்க இயலாது. காத்திருப்பதற்கே அவருக்குச் செலவு உண்டு. இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டியை விரும்புபவருக்கு அந்த அவசரம் இல்லை. வாங்குவோர் தொகையும் சிறியது. அவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். யார் என்ன விலை கொடுத்தார் என்பது இரகசியமாக நிற்பதில்லை. பழைய வண்டிகளும் அதிகம் ஓடியிராதவை. ஆகவே புதியதற்கும் பழையதற்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு. புதிய வண்டியின் விலைதான் பழைய வண்டியின் விலைக்கு உச்சவரம்பு. அந்தக் கூரை 15,000 டாலர் இறங்கினால், அதனடியில் இருக்கும் எல்லாப் பழைய வண்டிகளும் சேர்ந்தே இறங்கும். கடன் பெற்று வாங்கியவரின் நிலை இன்னும் மோசம். வண்டியின் மதிப்பு, செலுத்த வேண்டிய கடனுக்குக் கீழே போய்விடக்கூடும்; அப்போது விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

இந்தப் பின்னணியில் வைப்பரின் கதையைப் பார்க்கலாம். 1989 டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரி வண்டியாக வந்த அது, 1992இல் ஏறத்தாழ 50,000 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. பத்து உருளைகள் கொண்ட பெரிய எஞ்சின். வசதிகள் என்று சொல்லத்தக்கவை ஏதுமில்லை. அந்த முரட்டுத்தனத்துக்காகவே அதற்கென ஒரு கூட்டம் உருவானது. 2010இல் உற்பத்தி நின்றது. 2013 மாதிரியாக, 8.4 லிட்டர் எஞ்சினும் 640 குதிரைத்திறனும் கொண்டு, டெட்ராய்ட்டின் கானர் அவென்யூ ஆலையிலிருந்து அது மீண்டும் வந்தது. விலை மட்டும் ஒரு லட்சம் டாலரை நெருங்கிவிட்டது.

அதே நேரத்தில் செவ்ரோலே தனது ஏழாம் தலைமுறைக் கார்வெட்டை ஏறத்தாழ 52,000 டாலருக்குக் கொண்டுவந்தது. 2014இல் அமெரிக்காவில் 34,000க்கும் மேற்பட்ட கார்வெட்கள் விற்றன. வைப்பரோ 2013இல் 591 மட்டுமே விற்றது. 2014 ஏப்ரலில் ஆலையை இரண்டு மாதங்களுக்கு மேல் மூட நேர்ந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் 650 குதிரைத்திறன் கொண்ட கார்வெட் இசட்06 வகைக்கு 80,000 டாலருக்கும் குறைவான விலை அறிவிக்கப்பட்டது. வைப்பரின் விலைக்குறைப்பு அதே பருவத்தில்தான் வந்தது.

சான்றிதழை இப்போது மீண்டும் பார்ப்போம். ஃபோர்டின் 50 டாலர் காசோலையை வாங்கியவர் எதற்கும் செலவிடலாம். டாட்ஜின் சான்றிதழைப் பயன்படுத்த வேண்டுமானால், மேலும் எழுபதாயிரம் டாலர் செலவிட்டு இரண்டாவது வைப்பரை வாங்க வேண்டும். முதல் வைப்பரை மாற்றிக்கொள்ள நினைத்தாலும், அதற்குக் கிடைக்கும் விலை ஏற்கெனவே குறைந்துவிட்டது. ஒரு கையால் எடுத்த இழப்பை, மீண்டும் வாங்கினால் மட்டுமே மறுகை திருப்பித் தருகிறது. அதாவது இழப்பீடு என்ற பெயரில் வழங்கப்பட்டது உண்மையில் விசுவாசத்துக்கான ஒரு சோதனை. ஆனாலும் இதை வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. பெரும்பாலான விலைக்குறைப்புகளில் பழைய உரிமையாளரின் பெயர்கூட அடிபடுவதில்லை. இங்கு அவருடைய இழப்பு ஒப்புக்கொள்ளப்பட்டது. தொகையும் சரியாக அதே 15,000 என்று குறிக்கப்பட்டது.

விளைவு என்ன? 2014இல் 760 வைப்பர்கள் விற்றன. 2015இல் அந்த எண்ணிக்கை 676ஆகக் குறைந்தது. தள்ளுபடி புதிய வாங்குநர்களைப் பெருந்தொகையாக உருவாக்கவில்லை. மொத்தத்தில் அந்த வண்டியை விரும்பும் சில நூறு பேர் இருந்தார்கள். அவர்களில் சிலர் சற்று முன்னதாக வந்தார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. போட்டி, வண்டியின் கடினமான இயல்பு ஆகியவற்றின் பங்கையும் மறுக்க இயலாது. ஆகவே எல்லாவற்றையும் தள்ளுபடியின் கணக்கில் எழுதுவது தவறு.

ஆனால் அடுத்து நடந்தது அதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 2017உடன் உற்பத்தி முடிகிறது என்று தெரிந்த பின், 2016இன் நடுவில் இறுதிச் சிறப்புப் பதிப்புகள் சில அறிவிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் எத்தனை என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. தள்ளுபடி ஏதுமின்றி, அடிப்படை வைப்பரைவிட மிக அதிக விலையில், அவை சில நாட்களிலேயே பதிவாகி முடிந்தன. 2017 ஆகஸ்டில் கானர் அவென்யூ ஆலை மூடப்பட்டது. இறுதி ஆண்டுகளின் ஏசிஆர் வகை வண்டிகள் பின்னாளில், புதிதாக விற்ற விலையையும் தாண்டி ஏலங்களில் கைமாறியுள்ளன. கோஸின் தருக்கம் இங்கே பொருந்துகிறது. இனி இது செய்யப்படாது என்ற உறுதியைவிட நம்பத்தக்க வாக்குறுதி வேறெதுவும் இருக்க முடியாது. நாளைய போட்டியாளர் இல்லாமல் போனதும் இன்றைய விலை நிலைபெற்றது.

தள்ளுபடியால் நன்மையே இல்லை என்பது என் வாதமன்று. விலை இறங்கியதால் அதுவரை எட்டாதிருந்த ஒருவர் வைப்பர் வாங்கியிருப்பார். பழைய வண்டி வாங்கக் காத்திருந்தவர் மகிழ்ந்திருப்பார். முதலில் வாங்கியவருக்கும் முதலில் ஓட்டிய இன்பம் கிடைத்தது. யாருடைய பணம் யாருக்குச் சென்றது என்பதை மறைக்காமல் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்லவருவது. புதிய வாங்குநருக்குத் தரப்படும் கழிவின் ஒரு பகுதி நிறுவனத்தின் இலாபத்திலிருந்து வருகிறது. மற்றொரு பகுதி, முன்பே நம்பி வாங்கியவரின் வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியின் மதிப்பிலிருந்து வருகிறது. அந்த இரண்டாவது பகுதியை அவரிடம் கேட்டுவிட்டு யாரும் எடுப்பதில்லை.

ஆங்கிலத்தின் 'லாயல்டி' சட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'லீகல்' என்ற சொல்லுக்கு அது உடன்பிறப்பு. கடமை அங்கே இரு தரப்புக்கும் உண்டு. கார் நிறுவனங்கள் இன்று 'லாயல்டி போனஸ்' என்று அறிவிக்கும்போது வாங்குநரின் கடமை மட்டுமே பேசப்படுகிறது. தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கிறது. ஒரு பொருளுக்கு விலை வைப்பவர், அதை ஏற்று முதலில் வாங்குபவரிடம் இந்தப் பொருள் இவ்வளவு பெறும் என்று சொல்கிறார். அந்தச் சொல்லை மாற்ற அவருக்கு உரிமை உண்டு. மாற்றும்போது அதை முதலில் நம்பியவருக்கு என்ன பதில் என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும். 1914இல் அந்தப் பதில் ஒரு காசோலையாக இருந்தது. 2014இல் ஒரு சான்றிதழாகச் சுருங்கியது. பெரும்பாலான தள்ளுபடி விளம்பரங்களில் அந்தப் பதிலுக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.