ஒற்றையா, இரட்டையா?

புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு, "ஒற்றையா, இரட்டையா?" என்று கேட்கும் விளையாட்டை நம்மில் ஆடாதவர் இலர். கேட்பவன் முகத்தில் எதையும் காட்டலாகாது. சொல்பவனோ அம்முகத்தையே படிக்க வேண்டும். துப்பறியும் கதைக்கு முன்னோடியான அமெரிக்க ஆசிரியர் எட்கர் ஆலன் போ, 1844இல் வெளிவந்த 'களவாடப்பட்ட கடிதம்' என்னும் கதையில் இவ்விளையாட்டையே எடுத்துக்காட்டுகிறார். அதில் வரும் பள்ளிச் சிறுவன், எதிராளியின் முகபாவத்தைத் தன் முகத்தில் வருவித்துக்கொண்டு, அப்போது தன் உள்ளத்தில் என்ன எழுகிறதென்று கவனித்தே வென்றுவிடுகிறான்.

கதையில் வரும் இந்தப் போட்டி, அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே நம் சித்தூர்ச் சீமையில் மெய்யாகவே நடந்தது. திருப்பதி சென்று சித்தூர் வழியாகத் திரும்பும் அன்பர்கள் பலர் இதனை அறிந்திருக்கமாட்டார்கள்.

1780இல் கர்நாடகத்தின்மீது படையெடுத்த ஹைதர் அலி, 1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில், ராஜபிளவை நோயால் உயிர் நீத்தார். மூத்த மைந்தர் திப்பு அப்போது மலையாளக் கரையில், பொன்னானிப் பக்கம், ஆங்கிலேயருடன் பொருதுகொண்டிருந்தார். தலைவன் இல்லையென்று தெரிந்தால் பெரும்படை கலைந்துவிடும். சென்னையிலுள்ள பகைவரும் வாளாவிருக்கமாட்டார்கள்.

அமைச்சர்களான பூர்ணையாவும் கிருஷ்ணராவும் கையை மூடிக்கொண்டனர். உடலை வாசனைப் பொடி நிரப்பிய பேழையில் வைத்து, பொக்கிஷம் அனுப்புவதுபோல் கோலாருக்கு அனுப்பினர். நவாபின் உடல்நிலை பற்றிய செய்திகள் வழக்கம்போல் வெளிவந்தன. அன்றாட அலுவல்களும் தடையின்றி நடந்தன. திப்புவின் இளவல் அப்துல் கரீமை அரியணையேற்ற உள்ளேயே ஒரு சதி உருவாயிற்று. அது வெளிப்பட்டதும், சதிகாரர்களுக்கு விலங்கு பூட்டியதும்கூட ஹைதரின் ஆணை என்ற பெயராலேயே! இறந்தவர் ஆண்டுகொண்டிருந்தார் என்றே கூறலாம்.

இனி எதிர்ப்புறம் நோக்குவோம். சென்னைக் கவர்னர் மக்கார்ட்னி பிரபுவுக்கு மரணச் செய்தி விரைவிலேயே எட்டிவிட்டது. உடனே படை நடத்துமாறு அவர் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை வற்புறுத்தினார். தளபதியோ, செய்தியைத் தாம் நம்பவில்லை என்றும், அது மெய்யாயினும் உரிய காலத்தில் படை ஆயத்தமாகும் என்றும் விடையளித்தார். அவருக்கும் நியாயம் இல்லாமலில்லை. அவ்வாண்டு சென்னையில் பஞ்சம் நிலவியது. அக்டோபர்ப் புயலில் அரிசிக் கப்பல்கள் பல அழிந்திருந்தன. ஆயினும் அந்தத் தயக்கத்தில் வாரங்கள் கழிந்தன. 1783 பிறக்கும் தறுவாயில் திப்பு பாசறை வந்து சேர்ந்து தலைமையை ஏற்றார். படை சிதறவில்லை.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. மறைபொருளைக் காத்தவர்கள் முழுமையாகக் காத்துவிடவில்லை. அது சென்னைவரை கசிந்துவிட்டது. எனினும் அவர்களே வென்றனர். ஏன்? பகைவன் அறியாதிருக்க வேண்டும் என்பதில்லை, ஐயுற்றிருந்தாலே போதும். மூடிய கையில் என்ன இருக்கிறதென்று ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் படையை நகர்த்தும் அதிகாரம் மற்றொருவரிடம் இருந்தது. சித்தூரில் இரு அமைச்சர்கள் ஒரே மனமாய் இருந்தனர். சென்னையில் இரு தலைவர்கள் இரு மனமாய் இருந்தனர். வெற்றி தோல்வி அங்கேயே முடிவாகிவிட்டது.

பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையால், பிடித்த இடங்களை இரு தரப்பாரும் திருப்பித் தந்தனர். பூர்ணையா பிற்காலத்தில் மைசூரின் திவானாகி 1811வரை அப்பதவி வகித்தார். ஸ்டூவர்ட்டை மக்கார்ட்னி 1783இலேயே பதவி நீக்கிக் காவலில் வைத்துச் சீமைக்கு அனுப்பினார். அப்பகை ஆறவில்லை. 1786இல் இலண்டனில் இருவரும் கைத்துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்றனர்; கவர்னர் காயமுற்றார்.

பகைவன் முகத்தைப் படிக்கத் தவறிய இருவர், கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்க நேர்ந்தது!