ஓடைநீர்த் தன்னார்வக் கண்காணிப்பு

ஓடை, ஆறு, ஏரி, கால்வாய் ஆகியவற்றின் நீர் எப்படி இருக்கிறது என்பதை, அந்த நீரை நம்பி வாழும் மக்களே ஊதியமின்றி, ஒரே இடத்தில், சீரான இடைவெளியில், ஒரே முறையில் சோதித்துப் பதிவுசெய்து வருவது ஓடைநீர்த் தன்னார்வக் கண்காணிப்பு எனப்படும். வெப்பநிலை, கலங்கல், பிஎச், கரைந்துள்ள ஆக்சிஜன், மொத்தக் கரைந்த உப்புகள் (பேச்சுவழக்கில் டிடிஎஸ்), நைட்ரேட், மலக்கிருமிகள் ஆகியவை வழக்கமாகப் பார்க்கப்படுபவை. ஓடைக் கற்களின் அடியில் வாழும் பூச்சிகளைக் கணக்கெடுப்பதும் இதில் சேரும். ஒரு நாள் ஆற்றங்கரைக்குப் போய்க் குப்பை அள்ளுவதும், மீன் செத்து மிதக்கும்போது ஒரு புட்டி நீரை ஆய்வகத்துக்கு அனுப்புவதும் நல்ல வேலைகள்தான். ஆனால் அவை கண்காணிப்பு ஆகா. நீர் நன்றாக இருந்த நாட்களின் பதிவு கையில் இருந்தால்தான், கெட்டுப்போனதைக் கெட்டுப்போனது என்று மறுக்க முடியாதபடி காட்டலாம். தமிழ்நாட்டில் இத்துறையின் வரலாறு பெரும்பாலும் அந்த முதல் பதிவு இல்லாமல் போனதன் வரலாறு.

கருவிகளும் தொடக்கமும்

நீரைச் சோதிக்கும் முறைகள் பல, யாரும் கையாளக்கூடிய எளிய கருவிகளுடனேயே தொடங்கின. இத்தாலிய வானியலாளரும் பாதிரியாருமான ஆஞ்செலோ செக்கி 1865இல் திருத்தந்தையின் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். ஏரிநீரின் தெளிவை அளக்க இன்றும் தன்னார்வலர்கள் எடுத்துச் செல்வது அந்தத் தட்டின் வாரிசைத்தான்.

ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஸ் விங்க்ளர் 1888இல் வெளியிட்ட ஆக்சிஜன் சோதனையை ஓடைக்கரையிலேயே தொடங்கிவிடலாம். காற்றுக்குமிழி புகாமல் புட்டியில் நீரை நிரப்பி, மாங்கனீசு உப்புக் கரைசலையும் காரம் கலந்த அயோடைடு கரைசலையும் விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். புட்டிக்குள் பஞ்சு பஞ்சாக ஒரு படிவு இறங்கும். அது பழுப்பாக இருந்தால் நீரில் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றுவிட்டால் இல்லை. அளவு எவ்வளவு என்பதற்கு மேலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் மீன் பிழைக்குமா பிழைக்காதா என்ற கேள்விக்கு அந்த நிறமே பாதி விடை சொல்லிவிடும்.

ஜெர்மானியர்களான கோல்க்விட்ஸ், மார்சன் இருவரும் 1902 முதல் 1909 வரை வெளியிட்ட ஆய்வுகள் இன்னொரு வழியைத் திறந்தன. எந்தெந்த உயிரினங்கள் சாக்கடை கலந்த நீரைத் தாங்கும், எவை தாங்கா என்று அவர்கள் வகைப்படுத்தினார்கள். புட்டியில் எடுத்த நீர், அது எடுக்கப்பட்ட நொடியைப் பற்றித்தான் பேசும். இரவில் கழிவைத் திறந்துவிட்டுக் காலையில் மதகை மூடும் ஆலையைப் பகல் மாதிரி பிடிக்காது. கல்லுக்கு அடியில் பல மாதங்கள் வளரும் பூச்சிக் குடம்பி எல்லா இரவுகளையும் அங்கேயே கழித்திருக்கும். வாலில் மூன்று இழைகளோடு கற்களில் ஒட்டிக்கிடக்கும் மென்மையான குடம்பிகள் காணாமல் போய், சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்கள் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த ஓடையில் ஆக்சிஜன் குறைந்து வெகு நாளாகிவிட்டது என்று பொருள். அந்தப் புழுக்களின் சிவப்பு, நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபினால் வருவது. ஆக்சிஜன் அருகிய நீரிலும் அவை உயிர் வாழ்வது அதனால்தான்.

இந்த அறிவை ஆய்வகத்திலிருந்து பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தவர்கள் தூண்டில்காரர்கள். அமெரிக்காவில் 1922இல் மீன்பிடி ஆர்வலர்கள் தொடங்கிய ஐசக் வால்டன் லீக், 1969இல் 'ஓடைகளைக் காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஓடைப் பூச்சிகளைப் பார்த்து மதிப்பெண் போட ஊர்மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மின்னசோட்டா மாநிலத்தில் 1973 முதல் ஏரிக்கரைவாசிகள் செக்கித் தட்டு அளவுகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997இல் ஓடைக் கண்காணிப்புக்கென்றே தன்னார்வலர் கையேடு ஒன்றை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1990இல் பள்ளிகளை வைத்து 'ஸ்ட்ரீம்வாட்ச்' தொடங்கியது. 2002இல் தொடங்கிய நீர்க் கண்காணிப்பு நாள் மறு ஆண்டே பல நாடுகளுக்குப் பரவியது.

இந்தியாவில்

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் மத்திய வாரியத்தையும் மாநில வாரியங்களையும் உருவாக்கியது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைந்தது. அளப்பது வாரியத்தின் வேலை, முறையிடுவது மக்களின் வேலை என்ற பிரிவினை அன்றிலிருந்தே நிலைத்துவிட்டது. இது யாருக்கும் நன்மை செய்யவில்லை.

அதே 1982இல் மாஞ்சா, மௌரியா, ராவ் என்னும் மூன்று இந்திய அறிவியலாளர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு மலிவான சோதனையை வெளியிட்டார்கள். வேதிப்பொருள் தோய்த்து உலர்த்திய தாள் வைத்த சிறு புட்டியில் நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால், மலத்தோடு வரும் கிருமிகள் இருக்கும் நீர் கறுத்துப்போகும். நுண்ணோக்கியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் கிராமக் குடிநீர்ச் சோதனையில் அது பரவியது. இந்திய அறிவியல் ஊர்மக்களுக்குத் தந்த பெரிய கொடைகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

வாராணசியில் சங்கட மோசன் கோயிலின் மடாதிபதியும் நீரியல் பேராசிரியருமான வீரபத்ர மிஸ்ரா 1982இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1993இல் துளசி படித்துறையில் அதற்கென ஓர் ஆய்வகமும் வந்தது. கங்கையில் மலக்கிருமிகள் எவ்வளவு என்பதை அரசின் கணக்குக்கு எதிரே வைக்க அந்த ஆய்வகத்தின் தொடர் அளவுகள் உதவின.

தமிழ்நாட்டில்

இங்கே மக்கள் நீரை அளக்கத் தொடங்கியது பெரும்பாலும் கேடு நடந்த பிறகு, நீதிமன்றத்தில் நிரூபிப்பதற்காக. பாலாற்றுத் தோல் ஆலைகள் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசு செய்பவரே இழப்பைத் தர வேண்டும் என்ற கொள்கைக்காகப் பேசப்படுகிறது. அதே தீர்ப்பில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு செய்தி உண்டு. திண்டுக்கல் பகுதியில் ஒரு தன்னார்வ அமைப்பு 13 ஊர்களில் கிணறு கிணறாகப் போய்ப் பார்த்த கணக்கெடுப்பு அதில் எடுத்தாளப்பட்டிருக்கிறது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. ஊரார் எடுத்த கணக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

நொய்யல் ஆற்றில் கதை இன்னும் கசப்பானது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாகிவிட்டது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வழக்குத் தொடுத்தது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியேற்றக் கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளை மூடச் சொன்னது. இந்த வழக்கின் ஆண்டுகளில் டிடிஎஸ் என்ற சொல் கொங்கு நாட்டு விவசாயிகளின் அன்றாடப் பேச்சில் கலந்தது. பேனா அளவுள்ள மீட்டரைத் தண்ணீரில் நனைத்தால் எண் தெரியும். குடிநீருக்கு லிட்டருக்கு 500, வேறு வழியே இல்லையென்றால் 2000 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு. ஆனால் அந்த மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும். சாக்கடை ஓடும் வாய்க்காலில் உப்பின் அளவு அதிகமில்லை என்று அது காட்டக்கூடும். கிருமியையோ ஆக்சிஜன் குறைவையோ அதனால் அறிய முடியாது. மீட்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நீர் நல்லது என்று சொல்லிவிடுவது ஆபத்து.

இக்கட்டுரை பின்னர் பேசும் விழுப்புரம் பகுதிக்கு மிக அருகே நடந்தது கடலூர் முயற்சி. உப்பனாற்றின் கரையில் சிப்காட் வேதித் தொழிற்பேட்டை 1980களில் வந்தது. ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிக்குப்பம், சோனஞ்சாவடி போன்ற ஊர்கள் ஆற்றுக்கும் ஆலைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. 2004இல் அவ்வூர்களைச் சேர்ந்தவர்கள் சிப்காட் பகுதிச் சமூகச் சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். கலிபோர்னியாவில் 1990களின் நடுவில் உருவான ஒரு முறையை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு சிறப்புப் பையை வைத்து, வாளியிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் வெளிக்காற்று பைக்குள் வந்து நிரம்பும். அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அவர்கள் முதன்மையாகச் சோதித்தது காற்றை. அந்தச் சோதனைகளின் அறிக்கை 2004 செப்டம்பரில் வந்தது.

வாளியைவிட அவர்களுடைய குறிப்பேடு முக்கியமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. என்ன நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன மாதிரி நாற்றம், யாருக்குக் கண் எரிந்தது, யாருக்குத் தலை சுற்றியது என்று எழுதினார்கள். எந்த நாற்றம் எந்த ஆலையினுடையது என்று மூக்காலேயே தெரியும் அளவுக்கு அவர்களுக்குப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தைத் தேதி போட்ட சான்றாக மாற்றியதுதான் அவர்கள் செய்தது. உப்பனாற்றில் ஆலைகள் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் யாராவது இதே போல் நீரைப் பற்றி எழுதி வைத்திருந்தால், எந்த மீன் எப்போது குறைந்தது என்ற வாதம் இத்தனை ஆண்டு நீண்டிருக்காது.

கேடு வருமுன்னே பார்க்கும் முயற்சிகளும் சில உண்டு. கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் அறக்கட்டளை பழங்குடி மக்களோடு சேர்ந்து நீலகிரியின் ஊற்றுகளையும் சதுப்புகளையும் கவனித்து வருகிறது. தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் ஆண்டுதோறும் குளங்களின் நீர்ப்பறவைகளைத் தன்னார்வலர்கள் கணக்கெடுக்கிறார்கள். குளத்தின் நலத்தைப் பறவை வழியாக அறியும் முறை அது.

அனந்தபுரமும் சங்கராபரணியும்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்குத் தெற்கே உள்ள அனந்தபுரம் பேரூராட்சியைச் சுற்றியுள்ள நீர்நிலைகள் சிறியவை. பருவத்தில் மட்டும் ஓடுபவை. செஞ்சி வட்டத்தின் பக்கமலையில் தோன்றும் வராக நதி என்னும் சங்கராபரணி, 1950களின் இறுதியில் கட்டப்பட்ட வீடூர் அணையில் தொண்டியாற்றோடு சேர்ந்து, புதுச்சேரிக்குள் நுழைந்து கடலை அடைகிறது. துரிஞ்சலாற்றிலிருந்து வரும் நந்தன் கால்வாய் பனமலை ஏரியில் வந்து முடிகிறது. நந்தன் கால்வாயில் தண்ணீர் வருமா என்பதுதான் இங்கே தலைமுறைகளாகக் கேட்கப்படும் கேள்வி. வந்த தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்கும் அளவுக்கு அது ஒழுங்காக வந்ததில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட மாசுபட்ட ஆற்றுப்பகுதிகள் பட்டியலில் தமிழ்நாட்டின் காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி ஆகிய ஆறும் இருந்தன. புதுச்சேரியின் சுண்ணாம்பாறும் அதில் இருந்தது. சுண்ணாம்பாறு சங்கராபரணியின் கடைக்கோடி. தலைப்பகுதியில் இருக்கும் ஊர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. நீர் எந்த இடத்திலிருந்து கெடத் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கடைக்கோடியின் அளவு போதாது. பக்கமலை அடிவாரம், செஞ்சி, வீடூர் அணைக்கு மேலும் கீழும் என்று ஒரே வாரத்தில் எடுத்த அளவுகள் வேண்டும்.

வெளிநாட்டுக் கையேடுகளின் மாதாந்திர அட்டவணை இங்கே பொருந்தாது. ஐப்பசியில் முதல் வெள்ளம் வரும்போது வயல்களின் உரமும் ஊர்களின் அழுக்கும் ஒன்றாக அடித்துக்கொண்டு வரும். அது ஒரு பதிவு. ஏரி நிறைந்து கோடி போகும்போது இன்னொன்று. மாசி, பங்குனியில் ஓடை அறுந்து குட்டை குட்டையாக நிற்கும்போது உப்பு ஏறும், ஆக்சிஜன் இறங்கும்; அதுதான் மிக முக்கியமான பதிவு. ஃபெஞ்சல் புயலின்போது 2024 நவம்பர் இறுதியில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளையும் கைப்பம்புகளையும் கிருமிக்காகச் சோதிப்பது தனி வேலை.

இதற்கான ஆட்களும் பெட்டிகளும் புதிதாக வர வேண்டியதில்லை. 2006இல் தொடங்கிய தேசிய ஊரகக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டம் ஊராட்சிக்கு ஐந்து பேரைப் பயிற்றுவிக்கச் சொன்னது. 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊருக்கு ஐந்து பெண்களிடம் களச் சோதனைப் பெட்டியைக் கொடுக்கச் சொல்கிறது. அனந்தபுரம் பேரூராட்சி என்பதால் ஊரகத் திட்டம் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கே பொருந்தும். பெட்டியில் இருப்பவை பிஎச், கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, இரும்பு, நைட்ரேட், எஞ்சிய குளோரின் போன்றவற்றுக்கான சொட்டு மருந்துகளும் நிற அட்டைகளும். குழாய் நீரைச் சோதிக்கத் தெரிந்த அதே பெண்கள் நூறடி தள்ளி ஓடும் ஓடையையும் சோதிக்க முடியும். திட்டம் அதைக் கேட்கவில்லை என்பது ஒன்றே தடை. திண்டிவனத்தை ஒட்டிச் சிப்காட் தொழிற்பூங்கா வளர்ந்துவரும் இந்த ஆண்டுகளில் அதைக் கேட்காமல் இருப்பது, கடலூரில் நடந்ததை மறுபடி நடக்கவிடுவதாகும்.

சட்டத்தில் அதன் இடம்

நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வாரிய அலுவலர் முறையாக அறிவித்து, இரண்டு பங்காகப் பிரித்து முத்திரையிட்ட மாதிரியின் முடிவே வழக்கில் சான்றாகும். ஊரார் புட்டியில் எடுத்த நீர் அந்த இடத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் 49ஆம் பிரிவில் ஒரு வழியைத் திறந்தது: வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம், கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள தொடர்புடைய அறிக்கைகளையும் தர வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அந்த 60 நாட்களுக்குள் வாரியத்தார் வந்தால், எந்த மதகுக்குக் கீழே, எந்த நேரத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்று காட்டுவதற்கு ஊரார் எழுதி வைத்த பதிவேடுதான் பயன்படும்.