கப்பலேறி வந்த கிழங்கு

நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை கேட்டால், முண்டும் முடிச்சுமாக ஒரு கட்டையை எடுத்து வைப்பார்கள். மேலே செம்பழுப்பு, வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பில் மாவுப்பற்று. பெயர்தான் பட்டை, சரக்கு மண்ணுக்குள் விளையும் கிழங்கு. சித்த மருத்துவர்கள் இதைப் பாலாவியில் வேகவைத்துச் சுத்தி செய்து, தோல் நோய்க்கும் மூட்டுவலிக்கும் சூரணமாகத் தருவார்கள். ஆதிகாலத்து மருந்து என்றுதான் தோன்றும். ஆனால் இது இந்தியாவில் பேர் எடுத்து ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. ஒரு புதுக் கொள்ளைநோயைத் துரத்திக்கொண்டு கப்பலேறி வந்த கிழங்கு இது.

கதை தொடங்குவது 1495இல், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில். நகரைப் பிடித்த பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸின் கூலிப்படையினருக்கு உடம்பெல்லாம் அழுகிய புண்கள். சிபிலிஸ் என்னும் மேகநோய் அது. இத்தாலியர் அதைப் ‘பிரெஞ்சு நோய்’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘நேப்பிள்ஸ் நோய்’ என்று திருப்பிக் கொடுத்தார்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் நோயும் கப்பல் வழியே இந்தியாவைத் தொட்டு, சீனத்தின் கான்டன் வரை போய்விட்டது.

சீன வைத்தியர்கள் முதலில் பாதரச உப்பைக் கொடுத்தார்கள். நோயோடு நோயாளியும் நொந்துபோனார். பிறகுதான் மலைக்காட்டுக் கொடி ஒன்றின் கிழங்கைக் காய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் பரவியது. லி ஷிஜென் தம் மூலிகைப் பெருநூலில் இந்தக் கதையைப் பதிந்திருக்கிறார். போர்த்துக்கீசிய வணிகர்கள் சும்மா இருப்பார்களா? சரக்கு கோவாவுக்கு வந்தது. அங்கே மருத்துவம் பார்த்த கார்சியா த ஒர்த்தா, 1535 வாக்கில்தான் இந்தக் கிழங்கு தெரியவந்தது என்று 1563இல் அச்சான தம் நூலில் எழுதினார். அதே நூற்றாண்டில் பாவமிஸ்ரர் தம் ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசத்தில் இந்த மேகநோயைப் பறங்கியர் நோய் என்று பொருள்படும் ‘பிரங்க ரோகம்’ என்ற பெயரிலும், அதற்கு மருந்தாக இந்தக் கிழங்கையும் சேர்த்துக்கொண்டார். நோயையும் மருந்தையும் பறங்கியரே இறக்குமதி செய்த விந்தை இது!

ஐரோப்பாவில் கிழங்குக்கு முன்பே ஒரு போட்டியாளர் கடை விரித்திருந்தார்: கரீபியத் தீவுகளின் குவாயாக்கம் மரக்கட்டை. ஜெர்மானிய அறிஞர் உல்ரிச் ஃபொன் ஹுட்டன் அந்தக் கஷாயத்தால் குணமடைந்துவிட்டதாக 1519இல் ஒரு நூலே எழுதினார். நான்கே ஆண்டுகளில், 35 வயதில், அதே நோயால் இறந்தார். அடைத்த அறையில் பட்டினி கிடந்து வியர்க்க வேண்டிய அந்த வைத்தியத்தைவிடச் சீனக் கிழங்கின் பத்தியம் இலகுவானது என்று பேர் பரவியது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் தம் கீல்வாதத்துக்கு இதைக் குடித்தார். அவருடைய அரண்மனை மருத்துவர் வெசாலியஸுக்கோ இதில் பெரிய நம்பிக்கை இல்லை. கிழங்கைப் பற்றிக் கடிதம் என்று சொல்லி 1546இல் அவர் வெளியிட்ட நூலில், பெரும்பகுதி தம் உடற்கூற்றியல் கருத்துகளுக்கான வாதம்தான்!

விலை ஏறியதும் மாற்றுச் சரக்கு தேடுவது வியாபார நியதி. மெக்சிகோவிலும் இதன் உறவுக் கொடிகள் இருந்தன. சர்சபரில்லா என்ற பெயரில் அவற்றின் வேர்கள் செவில்யா துறைமுகத்தில் இறங்கின. இந்தியாவில் ஆங்கிலேயர்கள் நம்ம நன்னாரியை ‘இந்திய சர்சபரில்லா’ ஆக்கி, 1864இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் ஏற்றினார்கள். தாவர வகையில் நன்னாரி இந்தக் கொடிகளுக்கு எந்த விதத்திலும் சொந்தமில்லை. மருந்துப் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சர்சபரில்லா பிறகு சோடாக் கடைக்குப் போனது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் குடிக்கும் சார்சி அதன் வாரிசு.

மேகநோயை உண்மையில் குணப்படுத்தாத பறங்கிப்பட்டைக்கு இத்தனை பெரிய பேர் எப்படி வந்தது? சிபிலிஸின் குணமே காரணம். முதல் புண் மூன்று முதல் ஆறு வாரங்களில் தானாக ஆறிவிடும். பிறகு வரும் தடிப்புகளும் மறையும். அதன்பின் நோய் பல ஆண்டுகள் உடம்புக்குள் சத்தமில்லாமல் இருந்து, சிலருக்கு இதயத்தையும் மூளையையும் தாக்கும். கஷாயத்தைக் குடிக்கச் சொன்னதோ சில வாரங்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பாராட்டு கிழங்குக்குப் போயிற்று. பழி மட்டும் அதற்கு வரவேயில்லை. 1905இல் பெர்லினில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 1910இல் ஆர்சனிக் கலந்த சால்வர்சான் வந்தது. 1943இல் பெனிசிலின் வேலையை முடித்தது.

மூலிகை என்றாலே பயனற்றது என்று சொல்லவும் முடியாது. சீனத்தின் பழைய காய்ச்சல் மூலிகை ஒன்றிலிருந்து து யூயூ பிரித்தெடுத்த ஆர்ட்டெமிசினின் மலேரியாவை வென்று, 2015இல் நோபல் பரிசும் வாங்கித் தந்தது. பல மூலிகைகளைச் சோதித்துக் கழித்து, மிஞ்சியதை நோயாளிகளிடம் பரிசோதித்த பிறகு கிடைத்த வெற்றி அது. 2020இல் கபசுரக் குடிநீர் தெருத்தெருவாக வழங்கப்பட்டபோதும் கேட்க வேண்டியிருந்த கேள்வி, குணமாக்கியது மருந்தா உடம்பா என்பதுதான். கொரோனா வந்தவர்களில் பெரும்பாலோர் எதுவும் குடிக்காமலேயே தேறினார்கள். ஆகவே குடித்துப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது. குடிக்காமல் பிழைத்தவர்களையும், குடித்தும் பிழைக்காதவர்களையும் பக்கத்தில் வைத்து எண்ணினால்தான் மருந்தின் பங்கு என்ன, உடம்பின் பங்கு என்ன என்று தெரியும்.